குளிர்காலக் குதிரைக்கு என்ன கோபம்?

இங்கிலாந்தில் குதிரை வளர்ப்பவர்களை ஆண்டுதோறும் குழப்பும் புதிர் ஒன்று உண்டு. செப்டம்பரில் ஒரு குழந்தையை நம்பி ஏற்றி அனுப்பும் அளவுக்குச் சாதுவாக இருந்த குதிரை, டிசம்பரில் வேறொரு பிராணியாகிவிடுகிறது. கொட்டில் கதவைத் திறந்ததும் ஆளை இழுத்துக்கொண்டு வெளியே பாய்கிறது. வேலியோரம் கிடக்கும் பிளாஸ்டிக் பை லேசாகப் படபடத்தால் போதும், பத்தடி பக்கவாட்டில் துள்ளுகிறது. கடிவாளத்தைப் பிடித்தால் எதிர்த்து இழுக்கிறது. இறங்கும்போது சவாரிக்காரருக்குத் தோள்பட்டையே கழன்றுவிட்டதுபோல் வலிக்கிறது. குதிரை அதேதான், ஏறுபவரும் அவரேதான், பாதையும் மாறவில்லை. மேய்ச்சல் வெளியின் கதவு மட்டும் பூட்டப்பட்டிருக்கிறது.

பூட்டுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அந்த நாட்டின் பல பகுதிகளில் களிமண். இலையுதிர்கால மழை தொடங்கிவிட்டால் நீர் உள்ளே இறங்காமல் மேலேயே தங்கிவிடும். அரை டன் எடையுள்ள விலங்கு அந்த ஈரத்தில் நடந்தால் புல் வேரோடு பெயர்ந்து வயல் சேறாகிவிடும். குளிரில் புல் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுவதால் பெயர்ந்த இடம் வசந்தகாலம்வரை ஆறாது. பகல் வெளிச்சமும் குறைவு. டிசம்பர் பிற்பாதியில் லண்டனில் அது எட்டு மணி நேரத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வேலைக்குப் போகும் உரிமையாளர் இருட்டில் வந்து இருட்டில் திரும்புகிறார். ஆகவே பல லாயங்களில் நவம்பர் முதல் மார்ச்வரை குதிரைக்குக் கிடைப்பது 12 அடிக்கு 12 அடிக் கொட்டிலும் ஒரு மணி நேரச் சவாரியும்தான். மீதி 22, 23 மணி நேரமும் உள்ளேயே.

கொட்டில் என்ற ஏற்பாடு வேறொரு வாழ்க்கைக்காக உருவானது. விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் வண்டி இழுத்த குதிரைகளில் பலவற்றுக்கு மேய்ச்சல் வெளி கிடைக்கவில்லை. ஆனால் பகலெல்லாம் தெருவில் நடந்தன. கொட்டில் இரவு ஓய்வுக்கு மட்டும். ஞாயிறு விடுமுறை வந்தால்தான் வம்பு. வேலையில்லாமல், வழக்கமான தானியத்தைக் குறையாமல் தின்றுவிட்டு நின்ற குதிரைகளில் சில, திங்கட்கிழமை சிறிது தூரம் போனதுமே பின்தொடைகள் கல்லாக இறுகி நடுத்தெருவில் நின்றுவிடும். சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். சிதைந்த தசைகளிலிருந்து கசியும் நிறமி தரும் நிறம் அது. இதற்குத் ‘திங்கட்கிழமை நோய்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். தசையில் சர்க்கரையை மிதமிஞ்சிச் சேர்த்து வைக்கும் ஒரு மரபணு மாற்றம் சில குதிரைகளில் இதற்குக் காரணம் என்று 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வேலையில்லாத நாளில் தானியத்தைக் குறைக்க வேண்டும் என்ற வண்டிக்காரர் விதி அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது.

சரி, டிசம்பர் குதிரைக்கு வருவோம். லாயத்தில் யாரைக் கேட்டாலும், ‘சக்தி தேங்கிப் போச்சு’ என்பார்கள். மூடிய குக்கரில் ஆவி சேர்வதைப் போல, நின்றுகொண்டே இருக்கும் உடம்பில் ஓட்டம் சேர்கிறதாம். வெளியே விட்டதும் விசில் அடிக்கிறதாம். வைத்தியமும் இந்த விளக்கத்திலிருந்தே பிறக்கிறது: சவாரிக்கு முன் நீளக் கயிற்றில் கட்டி வட்டவட்டமாக ஓடவிட்டு, ஆவியை இறக்கிவிட வேண்டும்.

இந்தக் குக்கர் விளக்கத்தில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2006-இல் வெளியிட்ட ஆய்வு எளிமையானது. ஒரு பகுதிக் குதிரைகளை வாரத்துக்கு 2 மணி நேரமும், மறுபகுதியை 12 மணி நேரமும் திறந்த வெளியில் விட்டு வந்தார்கள். வெளியே வந்தபின் அவை என்ன செய்கின்றன என்று உட்கார்ந்து குறித்துக்கொண்டார்கள். 2 மணி நேரக் குதிரைகளே அதிகம் ஓடின, பாய்ந்தன, பின்னங்கால்களை உதறித் துள்ளின. அடைபட்ட செயல் ஒன்று, தடை நீங்கியதும் வழக்கத்தைவிடக் கூடுதல் அளவில் வெளிப்படுவதை ‘மீளெழுச்சி’ எனலாம்.

மீளெழுச்சி ஓட்டத்துக்கு மட்டும் உரியது அன்று என்று காட்டும் சோதனை ஒன்றை 2016-இல் சிட்னி பல்கலைக்கழகத்தார் செய்தார்கள். குதிரை வாயைத் திறக்காமலிருக்க மூக்கைச் சுற்றி ஒரு பட்டை கட்டுவது வழக்கம். 12 குதிரைகளுக்கு அந்தப் பட்டையைப் பல இறுக்கங்களில் கட்டிப் பார்த்தார்கள். மிக இறுக்கமாகக் கட்டியபோது வாய் அசைவது ஏறக்குறைய நின்றது, இதயத்துடிப்பு ஏறியது. அவிழ்த்த பிறகு, கட்டுவதற்கு முன்பிருந்ததைவிட அதிகமாகக் கொட்டாவி விட்டன, விழுங்கின, நாக்கை நீட்டி உதட்டை நக்கின. சில நிமிடம் தடுக்கப்பட்ட கொட்டாவியைக்கூட அந்த உடம்பு மறக்கவில்லை!

குக்கர் விளக்கம் தவறும் இடம் எது? ஆவிதான் சிக்கல் என்றால் எந்த ஓட்டை வழியாக வெளியேறினாலும் போதும். குதிரையை ஓடுபொறியில் (டிரெட்மில்) ஏற்றிவிட்டால் வேலை முடிந்துவிட வேண்டும். அதே கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2011-இல் இதைக் குதிரைகளிடமே கேட்டார்கள். கொட்டிலில் இருப்பதா, ஓடுபொறிக்குப் போவதா, தனியாகத் திடலுக்குப் போவதா, மற்ற குதிரைகளோடு போவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை அவற்றுக்கே கொடுத்தார்கள். ஓடுபொறியை அவை விரும்பவில்லை. தனியாகத் திடலுக்குப் போனவை சற்று நேரத்தில் திரும்பிவர விரும்பின; தோழமை கிடைத்தபோது அதிக நேரம் தங்கின. அப்படியானால் குதிரை கேட்பது வெறும் கால் அசைவை அன்று. மேய்ச்சல் வெளியின் கதவு பூட்டப்படும்போது ஓட்டத்தோடு மெல்லுவதும் கூட்டாளியும் சேர்ந்தே பறிபோகின்றன. ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடுசெய்ய முடியவில்லை. வட்டக் கயிற்றில் அரை மணி நேரம் விரட்டப்பட்ட குதிரை மேலும் முறுக்கேறித் திரும்பி வருவதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

இவற்றில் மெல்லுவதைத்தான் மிகக் குறைவாகப் பேசுகிறோம். அதனால் அங்கே சற்று நிற்கலாம். நம் வயிறு உணவு வரும் நேரம் பார்த்து அமிலத்தைக் கூட்டிச் சுரக்கிறது. குதிரையின் வயிறு தின்றாலும் தின்னாவிட்டாலும் இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கிறது. மேய்ச்சல் வெளியில் ஒரு நாளில் ஏறக்குறைய 16 மணி நேரம் தலையைக் குனிந்து மென்றுகொண்டிருக்கும் பிராணிக்கு அது பொருத்தமான ஏற்பாடு. அமிலத்தைத் தணிப்பது உமிழ்நீரில் உள்ள பைகார்பனேட். அந்த உமிழ்நீரோ தாடை அசையும்போது மட்டுமே ஊறும். உணவின் மணத்துக்கெல்லாம் குதிரைக்கு வாயூறுவதில்லை. மெல்லுவது நின்றால் உமிழ்நீர் நிற்கும், அமிலம் நிற்காது.

ஒரு கிலோ உலர்புல்லைத் தின்ன ஒரு குதிரை சுமார் 3,000 முறை மெல்லுகிறது, முக்கால் மணி நேரம்போல் ஆகும். அதே எடை ஓட்ஸ் என்றால் ஆயிரத்துக்கும் குறைவு, பத்து நிமிடத்தில் தொட்டி காலி. குளிருக்குத் தெம்பு வேண்டுமென்று உலர்புல்லைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டும்போது வயிற்றுக்கு உமிழ்நீர் குறைகிறது, மாவுச்சத்து ஏறுகிறது. வயிற்றின் மேற்பகுதியின் உட்சுவருக்கு அமிலத்தைத் தாங்கும் சளிப்படலம் கிடையாது. புண் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. டென்மார்க்கில் 201 குதிரைகளின் வயிற்றுக்குள் நீண்ட கேமராக் குழாயைச் செலுத்திப் பார்த்து 2009-இல் எழுதப்பட்ட ஆய்வு, புண்ணோடு தொடர்புபடுத்திய பழக்கங்களில் இரண்டு: அதிக மாவுச்சத்து, உலர்புல் வேளைகளுக்கு நடுவே 6 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. மாலை ஆறு மணிக்குப் போட்ட புல் ஒன்பதுக்குத் தீர்ந்து, மறுநாள் காலை ஏழுக்கு அடுத்த வேளை என்றால் அந்த இடைவெளி பத்து மணி நேரம்.

புண்ணுக்கும் கடிவாளத்தை இழுப்பதற்கும் என்ன தொடர்பு? புளோரிடா பல்கலைக்கழகத்தின் 2002-ஆம் ஆண்டுச் சோதனை ஒன்றைச் சொல்ல வேண்டும். குதிரைகளின் வயிற்றுக்குள் மெல்லிய பை ஒன்றை இறக்கி, அமிலத்தை அளக்கும் முனையையும் மேற்பகுதியில் பொருத்தி, ஓடுபொறியில் ஏற்றினார்கள். நடையிலிருந்து வேகம் கூடியதுமே வயிறு சுருங்கியது, அடியில் கிடந்த அமிலம் பாதுகாப்பில்லாத மேற்பகுதிக்கு ஏறியது. வேகம் குறைந்து நடைக்குத் திரும்பியதும் நிலைமை சீரானது. வெறும் வயிற்றில் ஓடவிட்ட குதிரைக்கு உள்ளே எரிகிறது என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. சேணவார் இறுக்கும்போது காதைப் பின்னுக்கு மடக்கிக் கடிக்க வரும் குதிரையைத் திமிர் பிடித்தது என்று அடிப்பவர்கள், முதலில் கால்நடை மருத்துவரை அழைத்து வயிறு, பல், முதுகு, சேணத்தின் பொருத்தம் நான்கையும் பார்க்கச் சொல்ல வேண்டும். வலியில் இருக்கும் விலங்குக்குப் பயிற்சி கொடுப்பது அநியாயம்.

குடலுக்கும் நடை வேண்டும். நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் மேய்ச்சல் வெளியிலிருந்து கொட்டிலுக்கு மாற்றப்பட்ட குதிரைகளின் விலாவில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பெருங்குடல் நிமிடத்துக்கு எத்தனை முறை சுருங்குகிறது என்று எண்ணினார்கள். உள்ளே வந்த சில நாட்களில் எண்ணிக்கை குறைந்தது, சாணமும் குறைந்தது. குளிர்காலத்தில் குடல் அடைத்துக்கொண்டு வரும் வயிற்றுவலியைக் கண்டு குதிரைக்காரர்கள் நடுங்குவது சும்மா இல்லை.

அடுத்தது தோழமை. நாட்டிங்காம் டிரென்ட் பல்கலைக்கழகத்தார் 2015-இல் ஒரே குதிரைகளை நான்கு விதமாக வைத்துப் பார்த்தார்கள்: தொட முடியாதபடி தனியாக, பக்கத்துக் குதிரையை ஓரளவு தொடும்படி, இரண்டிரண்டாக, கூட்டமாக. மன அழுத்தத்தை அளக்க ஊசி குத்தவில்லை. ஊசியே அழுத்தத்தைக் கூட்டிவிடும். சாணத்தைச் சேகரித்து, அதில் கழியும் அழுத்த ஹார்மோனின் எச்சத்தை அளந்தார்கள். தனிமையில் அது உயர்ந்திருந்தது, கூட்டத்தில் குறைந்திருந்தது. தனியாக நின்றபோது அதே குதிரைகளைக் கையாள்வதும் கடினமாக இருந்தது. ஸ்விட்சர்லாந்தின் சட்டம், ஒவ்வொரு குதிரைக்கும் இன்னொரு குதிரையைப் பார்க்கவும் கேட்கவும் முகரவும் வசதி இருக்க வேண்டும் என்கிறது. மற்ற நாடுகளும் இதை எழுதி வைத்தால் நல்லது.

இனி அச்சத்துக்கு வருவோம். குதிரையின் மண்ணீரல் சிவப்பணுக்களின் கிடங்கு. அமைதியாக நிற்கும் குதிரையின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 35, 40 இருக்கும். திடுக்கிட்டதும் அட்ரினலின் பாய, மண்ணீரல் சுருங்கித் தன் கிடங்கைக் கொட்டுகிறது. முழு வேகத்தில் ஓடும்போது பங்கு 60-ஐத் தாண்டுகிறது. நிமிடத்துக்கு 30, 40 முறை துடித்த இதயம் 200-க்கு மேல் போகிறது. பாயும் சிறுத்தையை முந்துவதற்காக ஊழிஊழியாகத் தீட்டப்பட்ட உடல் அது. பிளாஸ்டிக் பைக்கும் சிறுத்தைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நின்றவை சந்ததி விடவில்லை. ஏற்கெனவே வயிறு எரிய, தனிமையில் நின்று, குளிர்காற்றின் இரைச்சலில் எதையும் தெளிவாகக் கேட்க முடியாத குதிரைக்கு அந்தப் பை கடைசித் தூண்டுதல் மட்டுமே.

பயத்தைப் பழக்கத்தால் குறைக்கலாம். எப்படிப் பழக்குகிறோம் என்பதைப் பொறுத்தது. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யான்னா விண்டர் கிறிஸ்டென்சன் 2006-இல் இளங்குதிரைகளை வெள்ளை நைலான் பை ஒன்றுக்குப் பழக்கினார். சிலவற்றுக்கு நேரடியாகப் பையை ஆட்டிக் காட்டினார்கள். சிலவற்றுக்குப் பையோடு தீனியையும் சேர்த்தார்கள். மற்றவற்றுக்கு எட்ட நின்று சிறிதுசிறிதாக நெருங்கினார்கள். படிப்படியாக நெருங்கிய முறையில் எல்லாக் குதிரைகளும் பழகின. மற்ற முறைகளில் சில கடைசிவரை பழகவில்லை. அவரே 2008-இல், பதறாத துணைக்குதிரை பக்கத்தில் இருந்தால் புதிய குதிரையின் இதயத்துடிப்பு குறைவாகவே ஏறுகிறது என்றும், பிறகு தனியாகச் சந்திக்கும்போதும் அந்த அமைதி ஓரளவு தங்குகிறது என்றும் காட்டினார். குளிர்காலத்தில் முறுக்கேறிய குதிரையை முதியதும் நிதானமானதுமான இன்னொரு குதிரையின் பின்னால் நடத்திச் செல்வது கோழைத்தனமில்லை. அறிவியலும் அதைத்தான் சொல்கிறது.

இழுக்கும் குதிரையை இழுத்து வெல்ல முடியாது. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத வெற்றிடம் ஒன்று இருக்கிறது. கடிவாளத்தின் இரும்பு அங்கே, நாக்கின்மேல் கிடக்கிறது. அழுத்தம் வந்து, குதிரை வேகத்தைக் குறைத்த நொடியே அழுத்தம் விலகினால்தான் ‘குறைத்தால் நிம்மதி’ என்று அது கற்கும். பயத்தில் இறுகிய கை விடவே இல்லையென்றால் குதிரைக்குக் கற்க எதுவுமில்லை. வாய் மரத்துப்போகும், இழுவை வளரும். இன்னும் கடுமையான இரும்பை மாட்டுவது பெரும்பாலும் இந்தச் சுழலை விரைவுபடுத்துகிறது.

ஆகவே களிமண் வயல் பூட்டிக்கிடக்கும் மாதங்களில் என்ன செய்யலாம்? புல்லிலிருந்து தொடங்க வேண்டும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது எட்டரை, ஒன்பது கிலோ உலர்புல் வேண்டும். அதைச் சிறுகண் வலைப்பைகளில் நிரப்பி, ஒன்றுக்கு இரண்டாகக் கொட்டிலின் வெவ்வேறு மூலைகளில் தொங்கவிட்டால், குதிரை உதட்டால் ஒவ்வொரு தாளாகப் பற்றி இழுத்து, ஒரு பையிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து, இரவின் பெரும்பகுதியைக் கழிக்கும். தெம்பு போதவில்லையென்றால் தானியத்துக்குப் பதில் எண்ணெயும், சர்க்கரைப் பீட்ரூட்டின் சக்கையும் சேர்க்கலாம். சவாரிக்கு முன் இரண்டு கைப்பிடி உலர்புல் கொடுத்தால் வயிற்றில் அமிலம் தெறிப்பதைத் தடுக்க ஒரு மெத்தை கிடைக்கும்.

கொட்டில்களுக்கு நடுவேயுள்ள சுவரில் கம்பியிட்ட திறப்பு வைப்பது பெரிய செலவில்லை. அதுவும் முடியாத இடத்தில் கண்ணாடிகூட உதவுகிறது: கதவருகே நின்று தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்கும் குதிரைகளின் கொட்டிலில் கண்ணாடி மாட்டியதும் அந்த ஆட்டம் வெகுவாகக் குறைந்ததை லிங்கன் பல்கலைக்கழகத்தார் 2002-இல் கண்டார்கள். உயிருள்ள துணைக்கு அது ஈடாகாது, அவசரத்துக்கு உதவும். மனிதக் கைக்கும் ஒரு வேலை உண்டு. குதிரைகள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று பற்களால் வருடிக்கொள்ளும் இடம், பிடரி முடிந்து தோள் உயரும் மேடு. பிரான்சின் காமார்க் குதிரைகளில் அந்த இடத்தைக் கையால் வருடியபோது இதயத்துடிப்பு இறங்குவதையும், உடம்பின் வேறிடத்தை வருடினால் அப்படி இறங்காததையும் கிளோடியா ஃபே 1993-இல் பதிவு செய்தார். விரல்களை வளைத்து அழுத்திச் சொறிய வேண்டும். கழுத்து மெல்ல இறங்கும், மேலுதடு நீண்டு துடிக்கத் தொடங்கும். இடம் சரிதான் என்பதற்கு அதுவே அடையாளம்.

ஓட்டத்துக்கு, மணலோ மரச்சீவலோ பரப்பிய சிறு திடல் போதும். கூட்டாளியும் புல்லும் அங்கே இருக்க வேண்டும். பல நாள் அடைபட்ட குதிரையைக் கதவைத் திறந்து அப்படியே விடக்கூடாது. முதலில் கையில் பிடித்துப் பத்து, பதினைந்து நிமிடம் நடத்தித் தசைகளைச் சூடாக்கியபின் விட்டால், மீளெழுச்சித் துள்ளலில் கால் பிசகும் ஆபத்து குறையும்.

கோடையில் நிறைய வெளியே விட்டோமே, குளிர்கால அடைப்பைத் தாங்கிக்கொள்ளாதா என்று கேட்பவர்கள் உண்டு. பிரான்சில் தனிக் கொட்டில் குதிரைகளைச் சில வாரங்கள் மேய்ச்சலுக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுவந்து கவனித்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. வெளியே இருந்தபோது நிம்மதியின் அறிகுறிகள் கூடின. கொட்டிலுக்குத் திரும்பியபின் பழைய தொல்லைகளும் திரும்பின. எனவே ஞாயிற்றுக்கிழமை முழுநாள் விடுமுறையைவிட, சேற்றுக் காலணியோடு தினமும் கிடைக்கும் ஒரு மணி நேரத்துக்கே லாயக்காரர் இடம் தேட வேண்டும்.